நாலு பேர் முன்னால்

“டேய் நெட்டை! யார் பொண்டாட்டி சட்டையைடா வெட்டினே? புகாரை எழுதி எடுத்துக்கிட்டு ஆள் வந்து உட்கார்ந்திருக்கார்!”

டிரைவர் அண்ணன் மூச்சு வாங்க வந்து சொன்னார். தீயணைப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த நெட்டை, குழாயை மூடினான்.

“சூப்பர் மார்க்கெட் ஆளா? ஒன்பது நாள் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதாமா?”

“சிரிப்பு வேறயா? பதவி உயர்வு லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. ஒரு புகார் போதும், அடிச்சிடுவாங்க. பேசாம மன்னிப்பு கேட்டுடு.”

“அந்தம்மா உயிரோட இருக்காங்கள்ல? எதுக்குண்ணே மன்னிப்பு?”

அன்றைக்குக் கடையிலிருந்து போன் வந்ததும், அடுத்த தெருவில் இருந்த நிலையத்திலிருந்து ஓடியவன் அவன்தான். பில் போடுகிற இடத்தில் அந்தப் பெண் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். கணவர் அவள் சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி, “யாரும் தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

நெட்டை அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். நின்றுபோகும் இதயத்தை ஓட வைக்கக் கடைச் சுவரில் மாட்டியிருந்த ஷாக் மெஷினைக் கொண்டுவரச் சொன்னான். சட்டையைக் கத்தரித்தான். பட்டைகளை மார்பில் ஒட்டி, பட்டனை அழுத்தினான்.

ஒரே ஷாக். இதயம் வழிக்கு வந்தது.

“நாலு பேர் முன்னால என் பொண்டாட்டியை... உன்னைச் சும்மா விடமாட்டேன்டா!” என்று கணவர் போட்ட சத்தம்தான் ஆம்புலன்ஸ் கிளம்பும் வரை கேட்டது.

இப்போது அதே மனிதர் நிலைய அதிகாரியின் அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் மடித்த கடிதம்.

“ஏம்ப்பா, ஒரு போர்வையால மறைச்சுக்கிட்டாவது செஞ்சிருக்கக் கூடாதா?” என்றார் அதிகாரி.

“போர்வை தேடற நேரத்துல உயிர் போயிடும் சார். துணி மேல ஒட்டினா மெஷின் வேலை செய்யாது. நாளைக்கே இன்னொரு அம்மா விழுந்தாலும் வெட்டத்தான் செய்வேன். வேணும்னா அதையும் புகார்ல சேர்த்துக்கச் சொல்லுங்க.”

வந்தவர் நிமிர்ந்தார்.

“புகார் உங்க மேல இல்ல தம்பி.”

அதிகாரி நெட்டையைப் பார்த்தார். நெட்டை அதிகாரியைப் பார்த்தான்.

“போன வருஷம் உங்க நிலையத்துல பொதுமக்களுக்கு நடத்தின முதலுதவிப் பயிற்சியை முடிச்ச ஒருத்தர் மேல. அன்னைக்கு அவரும் கடையில இருந்தார். மெஷின் இருபதடி தூரத்துல தொங்குது. எப்படிப் போடணும்னு அத்தனையும் தெரியும். பொம்பளையாச்சே, நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு நாலு நிமிஷம் மெஷினைத் தொடவே இல்ல.”

“எங்க வகுப்புல இதெல்லாம் தெளிவா சொல்றோமே!” அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

“சொன்னீங்க. ஆனா நீங்க வச்சுக் காட்டினது ஆம்பளை பொம்மை சார். அதுக்கும் சட்டையே கிடையாது. அதையும் எழுதியிருக்கேன், மாத்துங்க.”

நெட்டை குரலைத் தணித்தான். “அம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“எழுந்து உட்கார்றா. பேச்சுதான் குழறுது. மூளைக்கு ரத்தம் போகாத நேரம் அதிகமாம். அந்த ஆள் உடனே மெஷினை எடுத்திருந்தா இதுகூட ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொல்றார். நீங்க வராம இருந்திருந்தா...” அவர் கடிதத்தை அதிகாரி பக்கம் தள்ளினார். “அந்த ஆளுக்கு நீங்க கொடுத்த சான்றிதழை ரத்து பண்ணுங்க சார்.”

நெட்டைக்கு ரத்தம் கொதித்தது.

“ரத்து பண்ணி என்ன பிரயோஜனம்? ஆள் யாருன்னு சொல்லுங்க. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, முதல் வரிசையில உட்கார வச்சு, முதல்லேர்ந்து நானே சொல்லித் தர்றேன்!”

வந்தவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சான்றிதழை எடுத்து, கடிதத்தின் பக்கத்தில் விரித்து வைத்தார்.

சான்றிதழில் அச்சாகியிருந்த பெயரும் புகாரின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்த பெயரும் ஒன்றே.