ஜூக்காவின் கடைசிப் பக்கம்

"அந்தப் பெட்டி மேலயா உக்கார வச்சீங்க?" என்று கேட்டாள் இல்ஸே, ஜன்னல் விளிம்பில் போட்ட பச்சைத் தலையணையிலிருந்து முழங்கையை எடுக்காமலேயே.

"வெயில் அங்கதாங்க நல்லா விழுந்துச்சு. மூக்குக் கண்ணாடி எடுக்க உள்ள போனேன். ரெண்டே நிமிஷம்." என்றாள் எதிர்வீட்டு வாசலில் நின்ற ரோஸ்விதா.

பெட்டி என்றால், வேண்டாத கோப்பைகள், பழைய சமையல் புத்தகங்கள், ஒரு ஒற்றை விளக்கு எல்லாவற்றையும் போட்டு, 'இலவசம், எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி நடைபாதையில் வைத்த பெட்டி. ஜெர்மனியின் அந்தச் சின்ன ஊரில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவர் எவருமில்லை. அதன் மேல்தான் ரோஸ்விதா ஜூக்காவைப் புகைப்படத்துக்காக உட்கார வைத்திருந்தாள். இப்போது கோப்பைகளில் பாதியைக் காணோம். ஜூக்காவையும் காணோம்.

ஜூக்கா ஒரு துணிக் கழுதை. போர்ச்சுகலில் ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர் சுற்றிவர அனுப்பியது. வீட்டில் தங்க வைப்பவர்கள் அதை நாலு இடத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்க வேண்டும். அதன் முதுகுப் பையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் கழுதையே பேசுவதுபோல் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் டீச்சர் படித்துச் சொல்லிவிடுவார்.

ரோஸ்விதாவிடம் வந்து மூன்று வாரம். ஜூக்கா படகில் போனது, மணிக்கூண்டின் உச்சி வரை ஏறியது, ரொட்டிக் கடைக்காரரின் தொப்பியைக்கூடப் போட்டுக்கொண்டது. இன்று மாலை ஆறு மணிக்குள் தபாலில் சேர்த்தால்தான், கோடை விடுமுறைக்கு முன் வகுப்புக்குப் போய்ச் சேரும்.

"யாரு எடுத்தாங்கன்னு நீங்க பாக்கலையா? நீங்க பாக்காம இந்தத் தெருவுல ஒண்ணும் நடக்காதே."

இல்ஸே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். அவள் முழங்கை தலையணையில் இல்லாத நேரத்தில் தெருவில் ஏதாவது நடந்தால், அது நடந்ததாகவே அவள் ஒப்புக்கொள்வதில்லை.

"அந்த நேரம் பாத்து அடுப்புல சூப் பொங்கிடுச்சுங்க. இருங்க, செருப்பு மாட்டிட்டு வரேன். வீடு வீடா கேட்டுப் பாப்போம்."

பன்னிரண்டு வருடமாக எதிரெதிர் வீடு. இருவரும் சேர்ந்து தெருவில் நடந்தது அன்றுதான்.

ஒன்பதாம் எண் வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண், நான்கு கோப்பைகளை வெட்கத்தோடு காட்டினாள். கழுதையை அவள் பார்க்கவில்லை.

"கோப்பையை எடுத்தா மட்டும் போதுமா, கழுவவும் தெரியணும்," என்றாள் இல்ஸே, கதவு மூடியதும். "உள்ள பாத்திரம் குவிஞ்சு கிடந்ததைப் பாத்தீங்களா?"

பதினான்காம் எண் வீட்டுப் பல் டாக்டர் சமையல் புத்தகத்தை எடுத்திருந்தார். கழுதை எதுவும் இல்லை என்றார்.

"இவருக்கு எதுக்குங்க சமையல் புத்தகம்? வாரத்துல நாலு நாள் பீட்சாதான் வருது. செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு."

"ரெண்டா?"

"விருந்தாளி இருக்காங்கல்ல. சிவப்பு சைக்கிள்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்த ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். நாலு மணி ஆகியிருந்தது, காபி நேரம். கூடவே அலைந்தவளை வாசலோடு அனுப்ப மனம் வரவில்லை.

"உள்ள வாங்க. பிளம் கேக் இருக்கு."

இல்ஸே இரண்டு துண்டு கேக்கையும், கூடத்துத் திரைச்சீலைகளையும், அலமாரியையும் ஒருவழியாகப் பார்த்து முடித்தாள். ரோஸ்விதா கோப்பையைத் தொடவே இல்லை.

"இருபத்திரெண்டு பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குங்க. 'உங்க ஜூக்காவை இலவசம்னு வாசல்ல வச்சுட்டேன்'னு எப்படிங்க எழுதுவேன்?" முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது துண்டை நோக்கிப் போன கையை இல்ஸே இழுத்துக்கொண்டாள்.

"மாத்திரை போடணும், வீட்டுக்குப் போயிட்டு வரேன். அழாதீங்க. எடுத்தவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்."

கால் மணி நேரம் கழித்து அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் ஆளில்லை. படியில் ஜூக்கா உட்கார்ந்திருந்தது. காது, வால், முதுகுப் பை, பைக்குள் நோட்டு, ஒன்றும் குறையவில்லை.

ரோஸ்விதா அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிடைச்சிடுச்சா?" எதிர் ஜன்னலில் முழங்கைகள் மறுபடி முளைத்திருந்தன. "நான் சொல்லல? நம்ம தெருவுல மனசாட்சி இன்னும் மிச்சம் இருக்கு."

"யாரு வச்சுட்டுப் போனாங்கன்னு பாத்தீங்களா?"

"மாத்திரை முழுங்கிட்டு இருந்தேங்க."

யார் வைத்தால் என்ன? ரோஸ்விதாவுக்கு அதைக் கிளற நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. அட்டைப் பெட்டி, ஒட்டும் நாடா எல்லாம் தயாராக இருந்தன. ஜூக்காவை உள்ளே வைக்குமுன் இன்றைய பக்கத்தை எழுதிவிடலாம் என்று நோட்டைத் திறந்தாள்.

இன்றைய பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

'பிள்ளைகளே, இன்று பருப்பு சூப் வாசனை பிடித்துக்கொண்டு, பச்சைத் தலையணையில் சாய்ந்து தெருவைப் பார்த்தேன். பல் டாக்டர் வீட்டுக்குச் சிவப்பு சைக்கிள் வந்தது. இந்த மூன்று வாரத்தில் ரோஸ்விதா என்னைப் படகுக்கும் மணிக்கூண்டுக்கும் ரொட்டிக் கடைக்கும் கூட்டிப்போனாள். எதிர்வீட்டுக்கு மட்டும் ஒரு தடவைகூடக் கூட்டிப்போகவில்லை. அதனால்தான் நானே தெருவைக் கடந்து போய்விட்டேன்.'