கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கு

“ஒரே ஒரு கையெழுத்துதானே அண்ணி கேக்குறேன், உங்க கிட்னியவா—”

“முடியாதுன்னா முடியாது செல்லம், எத்தன தடவ—”

“—கேக்குறேன்? வாங்க வேண்டியத வாங்கியாச்சு, இனிமே எவன் செத்தா நமக்கென்னன்னு—”

“வாய அளந்து பேசு!”

யோகேஸ்வரி மேசையில் தட்டிய வேகத்தில் கோப்பையிலிருந்த மைலோ தளும்பிச் சிந்தியது. செல்லம் தான் கொண்டுவந்த மனுவை நனையாமல் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தம்போய் வெயிலில் இரண்டு தாமான் குடியிருப்புகளைத் தாண்டி நடந்தே வந்தவள். குடிக்கக் கொடுத்ததை இன்னும் தொடவில்லை.

சுவரில் மாலைக்கு நடுவே சபாபதி சிரித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் ஆன அன்று எடுத்த படம்; சட்டைப் பையில் பேனா எட்டிப் பார்த்தது. செல்லத்தின் கூடப்பிறந்த அண்ணன். அலமாரிகளுக்குப் பெயிண்ட் தெளிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் உழைத்து, நுரையீரல் கெட்டுச் செத்தவர். அந்தச் சாவுக்கு நஷ்டஈடு கேட்டு யோகேஸ்வரி கம்பெனி மேல் கேஸ் போட்டிருந்தாள்.

அதே கம்பெனியில், அதே கொட்டகையில்தான் செல்லத்தின் கணவன் விஜயனும் வேலை பார்த்தான். இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டில் கிடக்கிறான். எல்லாம் சிகரெட்டால் வந்த கோளாறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. விஜயன் சிகரெட்டைக் கையால் தொட்டவனில்லை.

“கொட்டகையில காத்த சோதிச்ச ரிப்போர்ட்டு, உங்க கேஸுல வந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“வந்துச்சு. கோர்ட்டு சொன்னதாலதான் கம்பெனிக்காரன் குடுத்தான். அந்தக் கேஸுக்கு மட்டும்தான், வேற எதுக்கும் எடுக்க மாட்டோம், யாருக்கும் காட்ட மாட்டோம்னு கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டு வாங்கினது. எங்க லோயர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. உள்ள என்ன இருக்குன்னு வாயத் தெறந்தாலே குத்தம்லா.”

“கேஸு நடந்து, கோர்ட்டுல அத வாசிச்சிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். நீங்கதான் ரிப்போர்ட்டு கைக்கு வந்த மறு வாரமே செட்டில் பண்ணிட்டீங்களே! அலமாக், அப்படி என்ன அவசரம்?”

 யோகேஸ்வரி துணியை எடுத்துச் சிந்திய மைலோவைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

செல்லம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இவள் வீட்டுக் கூரைக்கு மட்டும் புது ஓடு வந்தது, வாசலில் புது கேட் வந்தது. வாய்க்கு மட்டும் பூட்டு வந்துவிட்டதா?

“எங்க லோயர்கிட்ட விசாரிச்சுட்டேன் அண்ணி. கோர்ட்டு அனுமதிச்சா என் கேஸுக்கு எடுத்துக்கலாமாம். எனக்கு ஆட்சேபனை இல்லன்னு நீங்க இதுல கையெழுத்து போட்டா சுலபமா முடியுமாம். கோர்ட்டே சரின்னு சொன்னா, அப்புறம் உங்களுக்கு என்ன குத்தம்?”

“வேணாம் செல்லம். நீ தனியா கேஸு போட்டு, நீயே கேட்டு வாங்கு.”

“அவன் இழுத்தடிப்பான். உங்க கேஸுக்கே ரெண்டு வருஷம். டாக்டரு இவருக்குச் சொன்ன கெடு தீபாவளி வரைக்கும்தான்.” செல்லம் மனுவை மேசையில் வைத்துப் பேனாவை நீட்டினாள். “பெத்த மக சிந்துஜா கேக்குறா அண்ணி, ‘எங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சு சிகரெட்டு குடிச்சீங்களாப்பா’ன்னு. மனுஷன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கண்ண மூடுறதுக்குள்ள, ‘உன் மேல தப்பில்ல’ன்னு ஒரு காகிதத்த அவரு பாக்கணும். அவ்வளவுதான்.”

யோகேஸ்வரியின் கை நின்றது. ஆனாலும் செல்லம் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

செல்லம் விருட்டென்று எழுந்து அண்ணன் படத்துக்கு நேரே போய் நின்றாள். “எங்கண்ணன் இருந்திருந்தா என்ன இப்படிக் கெஞ்ச விடுமா? சின்ன வயசுல சாஆ எஸ்டேட்டுல இருக்கயில என் ரிப்போர்ட் கார்டு பூரா செவப்பு மார்க்கு. அப்பா பாத்தா தோல உரிச்சிருப்பாரு. அண்ணன்தான் அப்பா பேருல கையெழுத்து போட்டு, ‘ஒண்ணும் ஆகாது போ’ன்னு அனுப்பும். ஒருத்தரு அடி வாங்கப் பொறுக்காது அது. அது கையால தாலி வாங்கின நீங்க…”

“அவர இதுல இழுக்காத.”

“இழுப்பேன்! கூடப்பொறந்தவ இழுக்காம யாரு இழுப்பா? காத்துல விஷம் இருக்குன்னு தெரிஞ்சும் மறைச்சானே ஒரு பாவி, அவனுக்கில்ல நீங்க காவல் இருக்கீங்க!” செல்லம் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் மேல் கையை நீட்டினாள். “எங்கண்ணன் சாட்சியாச் சொல்றேன். அத மறைச்சவன் எவனா இருந்தாலும் சரி, அவன் வம்சமே வெளங்காம—”

யோகேஸ்வரி பாய்ந்து வந்து ஈரக் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள். “விடாதடி! சாபம் விடாத!”

செல்லம் திமிறினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் திமிறுவதை நிறுத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். சாவு வீட்டில்கூட இப்படி அழாதவள்.

கையை மெல்ல எடுத்தாள் யோகேஸ்வரி. செல்லத்தைப் பார்க்காமல், படத்தையே பார்த்துச் சொன்னாள்.

“அந்த ரிப்போர்ட்டுலயும் ‘ஒண்ணும் ஆகாது’ன்னு கையெழுத்து போட்டது உங்கண்ணன்தான், செல்லம்.”