எழுதிக் கொடுத்த பாவங்கள்

"போன மாசம் நான் சொன்ன பாவமெல்லாம் வாசல் வரைக்கும் கேட்டுச்சாமே, சாமி! அதான் இந்தத் தடவ எழுதிட்டு வந்துட்டேன்!"

இதையும் பெரியவர் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பங்குச் சாமியாருக்கு அப்போதே தலைவலி ஆரம்பித்துவிட்டது.

பெரியவர் நாற்பது வருஷம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மிஷின் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது என்பார். கண்ணிலும் புரை விழுந்து, இப்போது எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறதாம்.

மாதா மாதம் இதே கூத்துதான். சாமியார் எது கேட்டாலும் "ஆங்?" என்பார், அவர் சொல்லுவதோ கோயிலுக்கே கேட்கும். "காப்பி ஆறிப்போச்சுன்னு கோவப்பட்டேன், சாமி!" என்று போன மாதம் அவர் போட்ட சத்தத்தில், மேலே பழகிக்கொண்டிருந்த பாட்டுக்குழு பாட்டை மறந்து சிரித்தது. பொறுக்கமுடியாமல்தான் சாமியார் அவருடைய மருமகளைக் கூப்பிட்டு, அடுத்த தடவை எழுதி எடுத்துவரச் சொல்லியிருந்தார்.

இந்த மாதம் தள்ளிப்போடவும் வழியில்லை. செவ்வாய்க்கிழமை பெரியவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். பாவமன்னிப்பு வாங்காமல் கத்திக்குக் கீழே படுக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்த மருமகளின் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது.

"கை என்னம்மா ஆச்சு?" சாமியார் அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா!" என்றார் பெரியவர். மேஸ்திரி வேலை பார்த்தவர்களுக்கு அடுத்தவர் சொல்லவேண்டிய பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிற வியாதி உண்டு. "நான் சொல்லச் சொல்ல இடது கையாலதான் எழுதினா. கோழிக் கிறுக்கல்தான், கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க!"

மருமகள் மாமனாரின் சட்டைப்பையில் காகிதம் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப்பார்த்துவிட்டு, போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் பாவமே கிடையாது, சாமி! என்கூட இங்க வர்றதத் தவிர, வாசப்படி தாண்டினாத்தானே!" பெரியவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

அவருடைய முறை வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, கம்பிவலைக்குக் கீழே இருந்த இடுக்கின் வழியாகக் காகிதத்தை நீட்டினார். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'மூன்று நாள் காலை ஜெபம் சொல்லவில்லை. பூசையில் தூங்கினேன். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டினேன். ரசத்தில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளினேன்.'

வழக்கமான சரக்குதான். மூன்று பரலோக மந்திரத்தை அபராதமாகக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சாமியார் காகிதத்தை மடிக்கப் போனார். பின்பக்கமும் எழுதியிருந்தது.

'போன சனிக்கிழமை மத்தியானம் என் மகன் மருமகளை அடித்தான். இது முதல் தடவை இல்லை. அவன் கையை முறுக்கியபோது அவள் மாமா, மாமா, மாமா என்று மூன்று தடவை கூப்பிட்டாள். நான் எழுந்து வந்து என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.'

சாமியார் அதை இன்னொரு தடவை படித்தார். இருபது வருஷமாக ஆறிப்போன காப்பிக்கும் அரைத் தூக்கத்துக்கும் மன்னிப்புக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போயிருந்தவர் அவர். இந்த மனிதரோ, கை முறிந்தவளையே எதிரில் உட்காரவைத்து, இதை வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்திருக்கிறார். இவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் தானும் ஒருவன்தானே என்று சாமியாருக்கு வெட்கமாக இருந்தது.

கூடவே வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்துகொண்டதைச் சாமியார் வெளியே மூச்சுவிடக்கூடாது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட முடியாது. இனி பெரியவராக நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால்தான் அவளுக்கு விடிவு.

வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்பில், பெரியவரின் செவிட்டுக் காதே சாமியாருக்கு மறந்துபோயிற்று. கம்பிவலையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, மூச்சுக் காற்றாகக் கேட்டார்.

"பெரியவரே... அவ மாமா, மாமான்னு கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

பெரியவர் "ஆங்?" என்று கேட்கவில்லை. அவருடைய முகம் வெளுத்தது. மெல்லத் தலையைத் திருப்பி, கடைசி பெஞ்சில் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வரிசையில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"அவ இஷ்டத்துக்கு எழுதியிருக்கா. எனக்குத்தான் காது கேட்காதே, சாமி."