சாய்ந்த எழுத்து

"எழுத்தை யாரு மாத்துனது?" கல்லைப் பார்த்ததும் ஸ்வீட்டி கேட்டாள்.

"நான்தான். எம் பொஞ்சாதி கல்லுக்கு நான் யாரைக் கேக்கணும்?" என்றார் மாமனார் இன்னாசிமுத்து.

பம்பாயில் செத்தவர்களுக்கும் வாடகை இடம்தான். செம்பூர் கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவி ஏஞ்சலம்மாளின் தவணை முடிந்துவிட்டது. குழியை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, எலும்பைச் சுவர் மாடத்தில் வைத்துக் கல்லால் மூடுவார்கள். கல்லில் எத்தனை பெயர் வெட்ட இடம் இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் உள்ளேயும் இடம். கமிட்டி சட்டம் அப்படி.

ஸ்வீட்டி மாட்டுங்காவில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவள். மாமியார் கல்லுக்கும் அவளே எழுத்து அமைத்துக் கொடுத்திருந்தாள். மெலிந்து, வலப்பக்கம் சாய்ந்த இங்கிலீஷ் எழுத்து. நுனியில் பேனாவை இழுத்து எடுத்தது போலச் சின்னச் சின்ன வால்.

கல் வெட்டுகிற சுயம்புவின் தாராவிப் பட்டறையில் அந்தத் தாளைப் பார்த்ததுமே இன்னாசிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே ஒரே வரியில் ஏஞ்சலம்மாள். கீழே இரண்டு வரிக்கு வெறும் இடம்.

"ரெண்டாவது வரி எனக்கு. மூணாவது யாருக்குவே?"

"தெரியலை அண்ணாச்சி. மூணு பேரு அடங்கணும்னு உங்க மருமவதான் சொல்லுச்சு. நிமிந்த எழுத்துன்னா அம்மா பேரே ரெண்டு வரி புடிக்கும். இது ஒடுங்கி நிக்கும்லா."

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஸ்வீட்டியின் அம்மாவும் போய்ச் சேர்ந்தவள். அம்பர்நாத்தில் புதைத்திருக்கிறார்கள். மகன் ஜாயின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை என்றும் பாராமல், "கோட்டு வாடகைக்கு எடுத்ததா?" என்று சபையில் கேட்டுச் சிரித்தவள். அந்தச் சிரிப்பை அவர் இன்னும் செரிக்கவில்லை.

"தடியா, நேரா வெட்டு. எம் பேருக்கு மட்டும் இடம் விடு. அதுக்கு மேல ஒரு நூல் மிஞ்சக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது அந்தக் கல்லை மாடத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள். ஸ்வீட்டி தோளில் தொங்கிய துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் போட்டது ஸ்டைலுக்கு இல்ல மாமா. அந்தக் காலத்துல சின்னப் புஸ்தகத்துல நிறைய அடக்கணும்னே உண்டாக்குன எழுத்து அது."

"அடக்குவே, அடக்குவே. ஒங்க வம்சத்தையே கொண்டாந்து அடக்குவே! ஏஞ்சலம்மா நிமிந்து நடந்தவ. அவ பேரு குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்கணுமோ?"

"அத்தை சாகும்போது எங்கிட்ட..."

"அவ பேச்சை நீ எடுக்காத!"

கமிட்டி ஆள் ஸ்டெர்லின் குறுக்கே வந்தார். "இங்க சண்டை வேண்டாம். கல் ஒட்டிட்டா அப்புறம் பெயர்க்க விடமாட்டோம். பிள்ளைங்க எல்லாருக்கும் சம்மதம்தானே? மொத்தம் எத்தனை பேரு?"

"ஒத்தைப் பிள்ளை. ஜாய். டிராம்பேக்கு ஷிப்டுக்குப் போயிருக்கான்."

சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்த சுயம்புவின் கை நின்றது. "அண்ணாச்சி..."

"உன் சோலியைப் பாருவே."

சுயம்பு மறுபடி குழைக்க ஆரம்பித்தார்.

இன்னாசிமுத்துவின் பார்வை துணிப்பையில் விழுந்தது. "ஏளா, அதுக்குள்ள என்ன?"

ஸ்வீட்டி பையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நேத்து நீ அம்பர்நாத் போனதை ஜாய் சொல்லிட்டான். எலும்புதானே?"

"ஆமா மாமா."

"கேட்டீரா ஸ்டெர்லின்? செத்த பிறகும் சம்பந்தியம்மாவுக்கு எங்க வீட்டுலதான் பாய் விரிக்கணுமாம்!"

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னுதான் ஒருவாட்டி கேளுங்களேன்" என்றார் சுயம்பு.

"சிமென்டு காயுது. பூசுவே!"

சுயம்பு பூசினார். ஏஞ்சலம்மாளின் சின்னப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுக் கல்லைத் தூக்கிப் பொருத்தினார். ஸ்டெர்லின் சிலுவை போட்டுக்கொண்டார்.

இன்னாசிமுத்து தோள்துண்டை எடுத்துக் கல்லைத் துடைத்தார். தடித்தடியான எழுத்து, வாசலில் நின்றாலும் படிக்கலாம். அடியில் ஒரே ஒரு வரிக்கு இடம். அது அவருடையது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசுக்குள் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

"இப்ப சொல்லு. உங்கம்மாவை எங்க கொண்டுபோய் வைக்கப் போற?"

ஸ்வீட்டி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மா அங்கேயே இருக்கா மாமா. அவளுக்கு இன்னும் தவணை இருக்கு. அங்கேயே புதைச்ச இவங்களைத்தான், தவணை முடிஞ்சும் யாரும் கேட்டு வரலைன்னு பொதுக் குழியில போடப் பாத்தாங்க. 'அவர் அவளை வீட்டுக்குள்ள விடலை, நீயாவது அவளை எம் பக்கத்துல சேத்துரு'ன்னு அத்தை என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க."

பையை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க மக ஜாக்குலின்."