ஜித்தாவோடு நின்றவர்

"ஜித்தாவுல கோட்ட வாசலத் தாண்டினா ஒரே மணலு. இந்தாண்ட திரும்பினா கடலு. நடுவுல ஊரு, தோசக்கல்லு மாதிரி காயுது பாய்!" என்றார் நசீர் அகமது. ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்கள், தாங்களே அந்த வெயிலில் நடந்துவிட்டு வந்தவர்கள் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்துல் சமதுக்கு வயிறு எரிந்தது. ஆம்பூரிலேயே பெரிய தோல் பதனிடும் ஷாப்பு அவருடையது. நசீர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேஸ்திரி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கை கறுத்துப் போனவர். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து, முதலாளிக்கு வர வேண்டிய சலாமெல்லாம் மேஸ்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் இன்னா ஹாஜி சாப்?" என்றார் மளிகைக்கடை அஹமது பாஷா.

"ஹாஜின்னு கூப்டாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" நசீர் காதைப் பொத்திக்கொண்டார். "கப்பலு வர்ற வரைக்கும் காலு போன போக்குல ஊரச் சுத்தினேன். சந்து முழுக்க நெழலு, ரெண்டு பக்கமும் மரத்துல பூவேல செஞ்ச சன்னலு. ஆட்டுத் தோல்ல தண்ணி சொமந்து விக்கிறானுங்க. மோந்து பாத்தேன், பதம் பத்தல. நம்ம ஷாப்புல வந்து கத்துக்கணும்."

கூட்டம் சிரித்தது. நம்ம ஷாப்பாம்! யாருடைய ஷாப்பு என்று கேட்க சமதுக்கு நாக்கு துடித்தது. அவர் பார்த்த ஒரே கடல் மதராஸ் கடல்தான். வீட்டில் மனைவி குர்ஷித்தும், "ஜித்தாவுல இன்னா ஆச்சின்னா..." என்று ஆரம்பித்துவிட்டால் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்று ஜமாத்து புது முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. பள்ளிவாசல் நிர்வாகம் முழுக்க அந்தப் பதவிக்குள் அடக்கம். ஹஜ்ஜு ஆசை நிறைவேறாமலே மௌத்தான அப்பா கடைசி வரை வகித்த பதவி, தனக்குத்தான் என்று சமது புது ஷெர்வானி கூடத் தைத்து வைத்திருந்தார்.

"ஒரு ஹாஜி இருக்கறப்ப வேற யாரு வோணும்? நசீரையே போட்டுடலாம்" என்றார் பாஷா. பல தலைகள் ஆடின.

சமது முன்னால் வந்தார். எத்தனையோ நாளாக அவர் மனசுக்குள் தீட்டி வைத்திருந்த கேள்வி அது. நசீர் வாயைத் திறந்தால் ஜித்தா, மூடினால் ஜித்தா. ஜித்தா கப்பல் நிற்கும் துறைமுகம்தான்; ஹஜ்ஜு செய்யும் மக்காவைப் பற்றி மறந்தும் ஒரு பேச்சில்லை. கப்பலை விட்டு இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டான் பயல்!

"ஜித்தா கத போதும் நசீர். மக்காவப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு. கேக்கறோம்."

நசீரின் முகம் சுருங்கியது. "அது வாணாம் முதலாளி."

"ஏன் வாணாம்?"

"ஜித்தாவுல சுத்தினதுதான் எனக்கோசரம் சுத்தினது. அத எவ்ளோ ஜாஸ்தி வோணும்னாலும் சொல்றேன். மத்தத பேச எனக்குப் பாத்யத இல்ல."

"கேட்டுக்கினீங்களா?" சமதின் குரல் முற்றத்தையே தூக்கியது. "ஊரு சுத்திப் பாத்துட்டு வந்தவனுக்குப் பேரு ஹாஜி! இவனத்தான் முத்தவல்லி ஆக்கப் போறீங்க!"

முணுமுணுப்பு எழுந்தது. பாஷா நசீரைவிட்டு மெல்ல விலகி நின்றார். "நசீரு, நெசமா இது?" என்று யாரோ கேட்டபோது நசீர் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அப்ப சமது பாயே இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு எல்லாக் குரல்களும் அதையே சொல்லின. சமதுக்கு இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, உடம்பே லேசாகிவிட்டது.

கூட்டம் கலைந்தது. நசீர் தலையைக் குனிந்தபடி வாசலை நோக்கி நடந்தார். சமதுக்கு அப்போதும் ஆசை அடங்கவில்லை. பின்னாலேயே போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இப்பவாவது உண்மையச் சொல்லுடா. ஹஜ்ஜு செஞ்சியா, இல்லியா?"

நசீர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாருமில்லை என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"செஞ்சேன் முதலாளி, உங்க அப்பா பேர்ல. தனக்குப் பதிலா போயி வரச் சொல்லி அவரு கேட்டப்ப நீங்க முடியாதுன்னுட்டீங்களாமே?"