வீட்டோடு மாப்பிள்ளை

தோபா ஏரிக்கரையில் இன்று ஒரு மலைச்சரிவு முழுக்கப் பரவிக் கிடக்கும் பெரிய குடும்பத்தின் மூதாதை மரோலொப். இளவயதில், குலம் தெரியாத அநாதை என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன். ஊர்த்தலைவர் ஹுமாலாவிடம் எருமை மேய்த்தான். ஆண் வாரிசு இல்லாத ஹுமாலா, தன் ஒரே மகள் தியோமினை அவனுக்கே கட்டிவைத்து வீட்டோடு வைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டி வீட்டுச் சோறு தித்திக்குதாடா?" என்று ஊர் இளவட்டங்கள் சீண்டுவார்கள். மரோலொப் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

வரிசையாக ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். ஹுமாலா படுத்த படுக்கையானார். வயல் அத்தனையும் பேரன்களுக்கே என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். எல்லாரும் கலைந்ததும் மரோலொப் அவர் காதருகே குனிந்தான்.

"மாமா, பிள்ளைங்களுக்கு அப்பன் வழிக் குலம்தானே? இனிமே இந்த மண்ணு எங்கப்பா பேரைத்தான் சொல்லும். நீங்க வீட்டோட வச்சுக் கொளுத்தினீங்களே ஜோங்கர், அவர் மகன் நான். உங்க வம்சம் உங்களோட சரி. அதை நெனச்சு நெனச்சே சாவுங்க!"

கிழவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"நீ வந்த அன்னிக்கே தெரியும்டா. அச்சு அசலா உங்கப்பன் மூஞ்சி. அவன்கிட்ட பிடுங்கின வயலை அவன் பேரனுங்ககிட்டயே குடுத்துட்டேன். இனி நிம்மதியாப் போவேன்."

சொன்னபடியே போய்விட்டார்.

மரோலொப் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து செய்தியைச் சொன்னான். ஜோங்கரின் பேரன்கள், ஜோங்கரைக் கொன்றவருக்காக முற்றத்தில் விழுந்து புரண்டு அழுதார்கள்.