திரைக்கு வெளியே இருந்த பெட்டி

"சீக்கிரம் சொல்லுங்க இன்ஜினியரே, இதுல எந்த சுப்ஹி உங்க சுப்ஹி?"

நர்ஸ் இன்ஸாஃப் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். சுப்ஹி மஹ்மூத் இப்ராஹிம் அலி. அதற்குக் கீழேயும் சுப்ஹி மஹ்மூத் இப்ராஹிம் அலி. பிறந்த வருஷமும் ஒன்றுதான். ஒருவனுக்கு ஏ பாசிட்டிவ், இன்னொருவனுக்கு பி பாசிட்டிவ்.

உள்ளே என் கூட்டாளி சுப்ஹி, வயிற்றுப்புண் வெடித்து, ரத்தமாக வாந்தியெடுத்து, நினைவில்லாமல் கிடக்கிறான். புதிதாகச் சோதித்துப் பார்க்க நேரமில்லை, எல்லாருக்கும் பொருந்துகிற ஓ நெகட்டிவும் கையிருப்பில் இல்லை, ரத்தப் பையைக் கொண்டு வா என்று டாக்டர் கத்துகிறார்.

"நேத்து வரைக்கும் கம்ப்யூட்டரே ஆளைப் பிரிச்சுக் காட்டுமே. இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள் இன்ஸாஃப்.

கேடு நான்தான்.

இந்த மருத்துவமனைக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுத்ததே நானும் சுப்ஹியும். அவன் மவுஸால் இழுத்து இழுத்து, படம் வரைகிற மாதிரி நிரலின் துண்டுகளை, 'கிளாஸ்' என்கிற வகுப்புகளை, கட்டுவான். எனக்கு எழுத்தாக வாசித்தால்தான் நிம்மதி. நேற்று அவன் இல்லாத நேரம் பார்த்து, அவனுடைய வகுப்பு நூலகம் முழுவதையும் நிரல் கோப்பாக மாற்றினேன்.

மாற்றியபோது விவரம் நிரப்புகிற ஒரு பெட்டி கண்ணில் பட்டது. இடது ஓரத்திலிருந்து கழித்தல் ஐந்நூறு. அதாவது திரைக்கு வெளியே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில். குப்பை என்று தூக்கி எறிந்தேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது அம்மா பெயருக்கான பெட்டி. எகிப்தில், இந்த மன்சூரா ஊரில் எந்த ஆம்பளைதான் தன் அம்மா பெயர் நாலு பேர் பார்க்கத் திரையில் வருவதைப் பொறுப்பான்? அதனால்தான் சுப்ஹி அதை வெளியே ஒளித்துவைத்து, அங்கிருந்தபடியே ஆளைப் பிரிக்க விட்டிருக்கிறான். இப்போது உறைத்து என்ன பிரயோஜனம்?

இன்ஸாஃபை நகரச் சொல்லிவிட்டு உள்ளேயிருந்த தகவல் அட்டவணையைத் திறந்தேன். ஒரு சுப்ஹியின் அம்மா இனாயாத். இன்னொருவனின் அம்மா நபவிய்யா.

நபவிய்யா!

எங்கள் நிரலின் முதல் வகுப்புக்கு அவன் வைத்திருந்த பெயர். மற்ற எல்லா வகுப்புகளும் அதிலிருந்துதான் பிறந்தன. "யாருடா இவ, பழைய காதலியா?" என்று வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவான். நேற்று அந்தப் பெயரையும் அழித்துவிட்டு 'அடிப்படை' என்று மாற்றித் தொலைத்தேன்.

ஆனாலும் இது ரத்த விஷயம். ஊகத்தை நம்பிப் பையை ஏற்றலாமா?

அவன் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பேன்! அந்த அம்மா எனக்கு என்றைக்கும் சுப்ஹியின் அம்மா, உம்மு சுப்ஹி, அவ்வளவுதான். போன் போட்டேன். இதய நோயாளி. விஷயத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது.

"உம்மு சுப்ஹி, சௌக்கியமா? இங்க ஒரு சின்னப் பந்தயம். உங்க பேரு என்ன?"

"வெட்கங்கெட்டவனே! பசிச்சா வந்து முலூக்கியா சாப்பிட்டுட்டுப் போ. என் பேரு எதுக்குடா உனக்கு?" என்று சிரித்தார்.

"சொல்லுங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நபவிய்யா" என்றார்.

இரண்டாவது பெயரைத் தொட்டுக் காட்டினேன். இன்ஸாஃப் ரத்த வங்கியை நோக்கி ஓடினாள்.

"அப்போ பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்" என்றேன்.

"வஹீத், ஆம்பளையோட அம்மா பேரை ஆஸ்பத்திரியில மட்டும்தான் கேப்பாங்கன்னு என் மகன் என்கிட்ட சொல்லியிருக்கான். செருப்பு மாட்டிட்டேன். எந்த ஆஸ்பத்திரி?"